காய்ச்சல் விட்ட பிறகும் கண்காணிப்பு வேண்டும்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவருக்கு வைரஸ் தொற்று காய்ச்சலோடு முடிவதில்லை. புதிய உறுப்பை உடல் எதிர்த்துத் தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளை அவர் நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். உறுப்பைக் காக்கும் அதே மாத்திரைகள் வைரஸை அடக்கும் ஆற்றலையும் குறைத்துவிடுகின்றன.

சைட்டோமெகலோ வைரஸ் இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடலில் ஓசையின்றித் தங்கியிருக்கிறது. மாற்று அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் அது தலைதூக்கினால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு வரும். வால்கான்சிக்ளோவிர் அதை அடக்கும். ஆனாலும் பிற தொற்றுகளுக்கும் உறுப்பு நிராகரிப்புக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பி.கே. வைரஸ் காய்ச்சல்கூடத் தராது. சிறுநீரகத் திசுவிலேயே பெருகித் தழும்பு உண்டாக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போதே சேதம் தொடங்கியிருக்கும். இதற்கு உறுதியாகப் பலன் தரும் தனி மருந்து இல்லை; எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைக் குறைப்பதே வழி. அதிகம் குறைத்தால் நிராகரிப்பு வரும். எனவேதான் முதல் 9 மாதங்கள் மாதந்தோறும், பிறகு 2 ஆண்டுகள் முடியும்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இந்த வைரஸைத் தேடச் சொல்கிறது 2024ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்.

கொரோனா இந்தப் பலவீனத்தை உலகறியச் செய்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், உறுப்பு மாற்றுப் பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கே எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியின் முதல் தவணைக்குப் பின் எதிர்ப்பணுக்கள் உருவாயின. இரண்டாம் தவணைக்குப் பின்பும் 54 சதவீதம்தான். சிலரது உடலில் வைரஸ் வாரக்கணக்கில் நீடித்தது.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 2008இல் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானமளித்தது மாநிலமெங்கும் விழிப்பூட்டியது. அறுவையில் முன்னோடியான தமிழ்நாடு, அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பிலும் அதே அக்கறை காட்ட வேண்டும்.

திருப்பூர் வேலம்பாளையத்தின் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு இந்தக் கண்காணிப்பின் சுமை ஏன் கூடுதல் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையே காட்டும். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். கோவைக்குப் போவதானால், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விடியலில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். ஷிப்டுக் கூலி அன்றைக்குப் போய்விடும். இ.எஸ்.ஐ.யில் தகுதியுள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியம் உதவித்தொகையாகக் கிடைக்கும். பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் தைக்கும் பலருக்கு அந்தப் பதிவே இல்லை. அதனால் காய்ச்சல் விட்டதும் பவர் டேபிளில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்குகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப்போக்கு டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

தீர்வு எட்டாத தூரத்தில் இல்லை. 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே ஏற்பாட்டில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் ரத்த, சிறுநீர் மாதிரிகளையும் எடுக்கலாம். பி.கே. வைரஸ் பரிசோதனையையும் டாக்ரோலிமஸ் அளவையும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே கட்டணமின்றிப் பெற வழிசெய்ய வேண்டும். எந்த வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதங்கள் கிரியேட்டினினைத் தொடர்ந்து பார்ப்பது நடைமுறையாக வேண்டும். பரிசோதனை நாளுக்குக் கூலியுடன் விடுப்பு தருவது முதலாளிகளின் கடமை. உறவினர் ஒருவரோ முகமறியாத குடும்பமோ கொடுத்த சிறுநீரகம், கவனிப்பின்மையால் வீணாகக் கூடாது.