விடை எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

"லிம்பன் மாலையில் தொபுகையை வெருக்கினான்."

இந்த வசனத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியது. ஆனால் வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். தொபுகையை வெருக்கியவர் யார்? லிம்பன். எப்போது வெருக்கினான்? மாலையில். இரண்டும் சரியான விடைகள், முழுப் புள்ளியும் கிடைக்கும். லிம்பன் என்ன செய்தான் என்று மட்டும் நமக்குத் தெரியாது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக நம் பிள்ளைகள் "பந்தியை வாசித்து விடை எழுதுக" என்ற பகுதிக்குப் பழகும் முறை பெரும்பாலும் இதுதான். முதலில் வினாவைப் பார், வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இருப்பதை எழுது. நேரம் மிச்சமாகும், புள்ளியும் வரும். இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. அவரை அளப்பதும் அந்தப் புள்ளிதான்.

கல்முனைக்கு வடக்கே, மருதமுனைக்குத் தெற்கே, கடலோரத்தில் நெருக்கமாகக் கிடக்கும் தமிழ்க் கிராமம் பாண்டிருப்பு. பக்கத்து மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் முஸ்லிம் பிள்ளைகள் எழுதுவதும் இதே தமிழ்மொழிமூல வினாத்தாள்தான். பிரதேச செயலக விவகாரத்தில் இரு சமூகங்களும் பல ஆண்டுகளாக முரண்பட்டு நிற்கின்றன. வெட்டுப்புள்ளி என்று வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே படபடப்பு. பாடசாலை, பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு செயலமர்வு, இரவில் மாதிரி வினாத்தாள் என்று பத்து வயதுப் பிள்ளையின் ஒரு வருடம் போய்விடுகிறது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து ரியூஷன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நிறுத்தும்படி பரீட்சைகள் திணைக்களம் வருடாவருடம் தடை அறிவிக்க வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பரீட்சைக்கு இப்படியொரு தடை தேவைப்படுவதே போதிய விளக்கம்.

இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். 2025 ஓகஸ்ட் 10இல் நடந்த பரீட்சைக்கு நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர். 1940களில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு வந்த ஏற்பாடு இது. கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுசேர்ப்பதே அன்றைய நோக்கம். இன்று பிரபல பாடசாலையின் தரம் 6 வகுப்புக்கான நுழைவுச் சீட்டாகத்தான் பெற்றோர் அதைப் பார்க்கிறார்கள். 2024 பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி வழங்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்தப் பதற்றத்தைப் பெற்றோரின் பேராசை என்று எழுதுவோர் உண்டு. நமது கரையில் அது முழு உண்மையாகாது. இன்று தரம் 5இல் இருக்கும் பிள்ளையின் தாய் தந்தையர் பலர் 1990 இன் இடப்பெயர்வுகளின்போது குழந்தைகள், 2004 டிசம்பர் 26 அன்று பாடசாலை மாணவர் அல்லது இளைஞர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோன அலை, பாண்டிருப்பையும் மருதமுனையையும் கல்முனைக்குடியையும் பேதம் பாராமல் அடித்தது. இடையில் சுற்றிவளைப்பு, ஊரடங்கு, அகதி முகாமாகிப் போன வகுப்பறைகள். தன் படிப்பு அறுந்துபோனவர், பிள்ளையின் படிப்பை ஒரு பரீட்சையில் கட்டி வைக்க நினைப்பது விளங்கக்கூடியது.

அதே தலைமுறைக்கு இன்னொன்றும் தெரியும். விளங்காத கடதாசியின் முன் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் முன் மரணச் சான்றிதழ் என்றும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்றும் இரண்டு பத்திரங்கள் வந்தன. ஒன்றில் அவர் இறந்துவிட்டார். மற்றதில் அவர் இல்லை, ஆனால் இறந்ததாக எவரும் சொல்லவில்லை. படிவத்தில் பெயர் எங்கே, திகதி எங்கே என்று தேடி எழுதத் தெரிந்தால் இரண்டையும் நிரப்பிவிடலாம். கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதைப் பிடிக்க வேறொரு வாசிப்பு வேண்டும். காணி, நட்டஈடு, கடன் பத்திரங்களிலும் நிலைமை இதுதான்.

அந்த வாசிப்பைக் கற்பிக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. கற்பிக்கிறோமா என்பதற்கும் உண்டு. அமெரிக்கக் கல்வியியலாளர் டொலோரஸ் டர்கின் 1970களின் இறுதியில் தரம் 4 வகுப்பறைகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடங்கள் 4,469 நிமிடங்களைக் கவனித்தார். எப்படி விளங்கிக்கொள்வது என்று ஆசிரியர் உண்மையில் கற்பித்த நேரம் அதில் 20 நிமிடம். எஞ்சியதில் பெரும்பகுதி வினாக் கேட்பதும், விடை சரியா பிழையா பார்ப்பதும், பயிற்சித்தாளுமாகக் கழிந்தது. கிரகித்தலைச் சோதித்துக்கொண்டே அதைக் கற்பிப்பதாக அவர்கள் நம்பியிருந்தார்கள். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. நம் மாதிரி வினாத்தாள் வகுப்புகளுக்கும் இது அச்சொட்டாகப் பொருந்தும்.

1984இல் பலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழியைப் பரிசோதித்தார்கள். சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு பந்தியை வாசிப்பது. ஒரு பிள்ளை அதைச் சுருக்கிச் சொல்லும், ஒரு வினாவைத் தானே உருவாக்கும், விளங்காத இடத்தை விளக்கிக்கொள்ளும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு பிள்ளைகள் முறை வைத்து "ஆசிரியர்" ஆவார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் விளங்காமல் தவித்த மாணவரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

நமது கரைக்கு ஏற்ப ஒரு பந்தி எழுதிப் பார்ப்போம். "தோணி தயாராக இருந்தது. சம்மாட்டியார் கடலைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். 'இன்றைக்கு வலை வேண்டாம்' என்றார். பெடியன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார்கள்." வலை வேண்டாம் என்றவர் யார் என்று கேட்டால் சொல் தேடும் பிள்ளைக்கே விடை கிடைக்கும். ஏன் வேண்டாம் என்றார், பெடியன்களின் முகம் ஏன் தொங்கியது, அன்றிரவு அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். விடை பந்தியில் எழுதப்படவில்லை. கரைவலை பார்த்து வளர்ந்த பாண்டிருப்புப் பிள்ளை காற்று, கூலி, அடுப்பு என்று அடுக்கிக்கொண்டே போகும். கொழும்பு மாடி வீட்டுப் பிள்ளை திணறக்கூடும்.

இங்கேதான் பரீட்சையின் இன்னொரு முகம் தெரிகிறது. விளங்குவதில் பாதி, வாசகர் ஏற்கெனவே அறிந்திருப்பதில் தங்கியிருக்கிறது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்போர் பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தபோது, விளையாட்டு தெரிந்த "பலவீனமான" வாசகர்கள், அது தெரியாத "கெட்டிக்கார" வாசகர்களை முந்தினார்கள். கல்முனைப் பக்கம் ரயில் இல்லை, பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. ரயில் நிலையத்தைப் பற்றிய பந்தியில் நம் பிள்ளை தடுமாறினால் அதை வாசிப்புக் குறைபாடு என்று பதிவதா? தமிழ் வினாத்தாளில் சில வசனங்கள் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கின்றன என்ற நெடுநாள் முறைப்பாட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி வினாத்தாள்களால் இந்தக் குறை தீராது. சுற்றாடல், வரலாறு, கதைப்புத்தகம், ஊர்ப் பயணம் என்று பிள்ளையின் உலகம் விரியவேண்டும். தரம் 5இல் முதலில் வெட்டப்படுவதும் அவைதான்.

பலின்சாரும் பிரவுனும் செய்ததைப் பார்க்கும்போது எனக்கு நம் கோயில்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் சடங்கும் தீமிதிப்பும் பாரதக் கதையோடு ஒட்டியே நடக்கின்றன. வடக்கு கிழக்கின் புராண படனத்தில் ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் "பயன்" சொல்லுவார். பாட்டின் பொருளைச் சொந்த வார்த்தையில் விரிப்பதுதான் பயன். கேட்டிருப்போர் இடையில் கேள்வி கேட்பதும், வாசிப்பவர் நின்று விளக்குவதும் உண்டு. எழுத்து வாசனை அறியாத கிழவிகூடத் தருமன் ஏன் சூதாடினான் என்று வாதாடுவாள். வாசித்தல் வேறு, பயன் சொல்லல் வேறு என்று பிரித்து வைத்திருந்த சமூகம், வகுப்பறையில் இரண்டாவதைக் கைவிட்டுவிட்டது.

நேர்மையாகச் சொல்வதானால், பயன் சொல்லப் பழகிய பிள்ளைக்கு வரும் ஓகஸ்டில் பத்துப் புள்ளி கூடும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. தரம் 5இல் தொடங்கினால் நேரம் பிந்திவிட்டது. தொடங்கவேண்டியது தரம் 2, 3இல். கொவிட் மூடலின் பின் யுனிசெப் ஆதரவோடு கல்வி அமைச்சு நடத்திய தரம் 3 மதிப்பீட்டில், எழுத்தறிவில் அடிப்படைத் தேர்ச்சியை எட்டியோர் 34 வீதம் மட்டுமே. அந்தப் பிள்ளைகள்தான் பிறகு புலமைப்பரிசில் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள்.

கல்விச் சீர்திருத்தம் 2026இல் தரம் 1இல் தொடங்கியிருக்கிறது. தரம் 6க்கானது 2027க்குத் தள்ளிப்போயிற்று. புலமைப்பரிசில் பரீட்சை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொழும்பு முடிவெடுக்கும்வரை கல்முனை கல்வி வலயம் காத்திருக்கத் தேவையில்லாத விடயங்களும் உண்டு. தரம் 3, 4 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பாணி மாதாந்தச் சோதனை வைப்பதை நிறுத்தலாம். அந்த நேரத்தில் நாளுக்கு அரை மணித்தியாலம், பந்தி ஒன்று, நான்கைந்து பிள்ளைகள், புள்ளி கிடையாது. ஆசிரிய ஆலோசகர்கள் பாடசாலைக்குப் போகும்போது பயிற்சிக் கொப்பியைப் புரட்டுவதோடு நிற்காமல், பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இப்போது வாசித்ததைச் சொல்லச் சொல்லலாம். வீட்டில் அதுகூட வேண்டாம். வாசிக்கத் தெரியாத அம்மம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்குப் பிறகு என்ன நடந்தது மகன், அவன் ஏன் அப்பிடிச் செய்தவன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.