பூங்கா ரயிலுக்கு மாத்திரம் ஏன் விலக்கு?

1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம், இரண்டாவது பிரிவில் ‘ரயில்வே’ என்றால் என்ன என்று நீளமாக விளக்குகிறது. தண்டவாளம், நிலையம், பணிமனை என்று எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு வந்து, கடைசியில் கைவிரிக்கிறது. பொருட்காட்சியிலோ, திருவிழாவிலோ, பூங்காவிலோ வெறும் பொழுதுபோக்குக்காகப் போட்ட தண்டவாளம் ரயில்வே ஆகாதாம். ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைக்கும் நாங்கள் இந்த வரியைப் பலமுறை கடந்துபோயிருக்கிறோம். அதன் விபரீதம் இப்போதுதான் உறைக்கிறது.

2025 ஏப்ரல் 3-ம் தேதி, இதே டில்லியில், கபஷேராவிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் மாண்டாள். முந்தின வருஷம் ஜூனில் சண்டிகரில் ஒரு மாலில் பொம்மை ரயில் பெட்டி கவிழ்ந்து 11 வயதுப் பையன் போனான். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ராட்டினம் முறிந்து இருவர் பலி. நம் ஊர்ப் பக்கம், தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் செத்தவர் டிக்கெட் வாங்கி வந்தவர் அல்ல, அங்கே வேலை செய்தவர். சோதனை ஓட்டத்தில் ஊழியர்களையே ஏற்றியிருந்தார்கள். மணல் மூட்டையை ஏற்றிச் சோதித்திருக்கலாமே! மணலைவிடத் தொழிலாளி மலிவாகிப் போனானா?

நம் கரோல் பாக் வழியாக 2005 கடைசியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து ஒப்புதல் தராமல் அதில் ஒரு பயணியையும் ஏற்றியிருக்க முடியாது. இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் ஆளும் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். வண்டி ஓட்டுகிறவனே தன் வண்டிக்கு நற்சான்று எழுதக்கூடாது என்று 1941-லேயே அந்தப் பிரிவை ரயில்வே போர்டிடமிருந்து பிரித்துவிட்டார்கள். வெள்ளைக்காரனுக்கே புரிந்த விஷயம்!

ரயில்வேயில் விபத்தே கிடையாது என்று நாங்கள் பெருமை பேசவில்லை. 2023 ஜூனில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல், பாலசோரில் 290-க்கு மேற்பட்ட உயிர்களைக் காவு கொடுத்தது. ஆனால் அங்கே ஆணையர் விசாரித்தார். சிக்னல் வயரிங்கில் எங்கே தவறு என்று எழுதி வைத்தார். ராட்டினம் கவிழ்ந்தால் அப்படி எழுத யார் இருக்கிறார்கள்? போலீஸ் ஸ்டேஷனில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வழக்கு பதிவாகும், அவ்வளவுதான்.

தரம் எழுதப்படாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் கேளிக்கை ராட்டினங்களுக்கு ஐ.எஸ். 15475, தண்ணீர்ப் பூங்காக்களுக்கு ஐ.எஸ். 15492 என்று வைத்திருக்கிறது. சர்க்கார் ஆணை போட்டுக் கட்டாயமாக்காதவரை அவை அலமாரிப் புத்தகங்கள்தாம். டில்லியில் இந்தப் பூங்காக்களுக்கு லைசென்ஸ் கொடுத்துவந்தது போலீஸ். 2025 ஜூனில் துணைநிலை ஆளுநர் அந்த அதிகாரத்தை மாநகராட்சி முதலிய உள்ளாட்சிகளிடம் தள்ளிவிட்டார். ஓட்டல், நீச்சல் குளம், டிஸ்கோதே என்ற வரிசையில் கேளிக்கைப் பூங்காவும் ஒன்று. வியாபாரம் சுலபமாக நடக்க வேண்டுமாம். போலீஸ்காரருக்கு போல்ட்டு, நட்டு தெரியாது என்பது வாஸ்தவம். மாநகராட்சி குமாஸ்தாவுக்கு மாத்திரம் தெரியுமா?

சட்டம் வந்தால் தொழில் படுத்துவிடும் என்று முதலாளிகள் அழுவார்கள். இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015-ல் ரோலர் கோஸ்டர் பெட்டிகள் மோதி இரண்டு பெண்கள் கால் இழந்தனர். அடுத்த வருஷம் கோர்ட் அந்தக் கம்பெனிக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அந்தப் பூங்கா மூடிப் போகவில்லை, இன்றும் கூட்டம் போகிறது.

1984-ல் பிரகதி மைதானத்தில் அப்பு கர் திறந்தபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கரோல் பாக்கிலிருந்து பஸ் ஏறிய பிள்ளைகள் நம்மில் பலர். அப்பு கர் 2008-ல் மூடப்பட்டது. அன்றைய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை வேறு பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். எந்த ராட்டினம் எந்தத் தேதியில், யாரால் சோதிக்கப்பட்டது, சோதித்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று டிக்கெட் ஜன்னலில் எழுதி ஒட்டச் சொல்வோம். ஒட்டாத பூங்காவுக்கு நம் சங்கத்து பஸ் போகக்கூடாது. ராட்டினங்களுக்கும் ரயில்வே மாதிரி தனி ஆணையர் வேண்டும், ஐ.எஸ். 15475 கட்டாயமாக வேண்டும் என்று கேட்டு நம் தொகுதி எம்.பி.க்கு மனு தயாராகிறது. தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறோம். வருகிற ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் கையெழுத்துக்கு இருக்கும்.