விழா முடியும் நேரத்தில்

பாடசாலை முற்றத்து வேப்பமரத்தடியில் ஒவ்வொரு காலையும் ‘ஸ்ரீ லங்கா தாயே’ பாடித்தான் வளர்ந்தோம். வாத்தியம் எதுவும் கிடையாது. மேல்வகுப்பு அக்கா ஒருவர் எடுத்துக் கொடுப்பார், நாங்கள் தொடர்வோம். மெட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் பொடியன்களின் குரல் தானாகவே அடங்கிவிடும். அது சிங்களத் தேசிய கீதத்தின் மொழிபெயர்ப்பு என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. புலவர் மு. நல்லதம்பியின் சொற்கள் ஆனந்த சமரக்கோனின் மெட்டில் அவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருந்தன.

1949 சுதந்திர தின விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். அதன்பின் அந்த விழாவில் தமிழ்ச் சொற்கள் ஒலிக்க 67 ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் கீதம் தமிழில்தான் இருக்கிறது. பாடசாலையில் பாடலாம், சட்டப் புத்தகத்தில் அச்சிடலாம், நாடு கூடி நிற்கும் மேடையில் மட்டும் பாடக்கூடாது என்றால், அந்த மேடை யாருடையது?

கேள்வி பழையது. தேசியக் கொடிக்கு அமைத்த குழு, சிங்கத்தைச் சூழ்ந்த கரைக்கு வெளியே, கம்பத்தை ஒட்டினாற்போல், தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரண்டு பட்டைகளைச் சேர்த்தது. குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அதை ஏற்கவில்லை. 1950இல் அந்தக் கொடியே நிலைத்தது. மலையகத் தமிழருக்கு இந்த ஓரமும் வாய்க்கவில்லை. முதல் சுதந்திரக் கொண்டாட்டம் நடந்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

ஒரு நாட்டுக்கு ஒரு மொழியில்தான் கீதம் இருக்கவேண்டும் என்பவர்கள் இந்தியாவைக் காட்டுவார்கள். நன்றாகப் பார்க்கட்டும். தாகூரின் பாடல் சமஸ்கிருதம் தோய்ந்த வங்காளம். இந்தி பேசும் கோடிக்கணக்கானோர் அதைத்தான் பாடுகிறார்கள். சிங்கப்பூரில் நான்கில் மூன்று பேர் சீனர், கீதமோ மலாயில். அங்கே பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் மொழியில் வாய்திறந்து நாட்டை வாழ்த்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரே கீதத்துக்குள் ஐந்து மொழிகள். நாங்கள் கேட்டது இதில் எதுவுமில்லை. அதே மெட்டு, அதே பொருள், எங்கள் சொற்கள். அவ்வளவுதான்.

2016 பெப்ரவரி 4. காலிமுகத்திடலில் விழா முடியும் தறுவாயில் தமிழில் தொடங்கினார்கள். தொலைக்காட்சிக்கு முன் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, சுளகை ஒதுக்கிவைத்துவிட்டு எழும்பி நின்றார். போரில் இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடியவர். சுதந்திர தினம் அவருக்கு வெறும் விடுமுறை நாள்தான். அன்று கூடவே பாடினார். உச்சிக்கு ஏறும் இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய பாடசாலையிலும் அப்படித்தான் போலும்.

2020இல் ஆட்சி மாறியிருந்தது. சுதந்திர சதுக்கத்தில் சிங்களத்தில் மட்டும் பாடினார்கள். அப்படித்தான் நடக்கும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதியிருந்தன. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டியிருந்தேன். ஆனாலும் விழா முடியும் நேரத்தில் எழும்பி நின்றார். ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போன பிறகும் சற்று நேரம் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.