மீசைக்குத் தங்க முலாம்

போன மாசம் எங்க பெரியம்மா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் ராத்திரி, ஒலக்கூர் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே ப்ளீச் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தோம். அட்டையில் பதினைந்து நிமிஷம் என்று போட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் வெளுக்கும் என்று அரை மணி நேரம் விட்டோம். அக்கா "எரியுதுடி" என்றாள். "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொன்ன மகராசி நான்தான். கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு வேற!

மறுநாள் அக்காவின் மேலுதட்டுக்கு மேலே செக்கச் செவேலென்று ஒரு பட்டை. மீசையை மறைக்கப் போய், மீசை இருந்த இடத்துக்கு எல்லைக்கல் நட்டுக் கொடுத்த மாதிரி. மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள். அது இன்னும் மோசம்.

அன்றிலிருந்து இந்த டப்பாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் ரொம்பச் சின்னது. முடிக்குக் கறுப்பைக் கொடுப்பது மெலனின். க்ரீமையும் பவுடரையும் கலந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு முடிக்குள் புகுந்து அந்த மெலனினைச் சிதைக்கிறது. கறுப்பு முடி பொன்னிறமாகிறது, அவ்வளவுதான். முடி எங்கேயும் போகவில்லை. மூணு நாலு வாரத்தில் வேரிலிருந்து மறுபடி கறுப்பாகவே முளைக்கும்.

அப்புறம் முகம் "பளிச்"சென்று ஆகிறதே? முகம் முழுக்க இருக்கிற பூனை முடி நிறம் மாறுவதால் வருகிற தோற்றம்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் கடையில் முடி நிறத்தை மாற்றும் க்ரீம் என்றா கேட்கிறோம்? வெள்ளையாகிற க்ரீம் என்றுதான் கேட்கிறோம். ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரிலிருந்து "ஃபேர்" போய்விட்டது. எங்க தெருவில் இன்னும் போகவில்லை.

என் கோபமெல்லாம் இங்கேதான். பொன்னிற முடி வெளுத்த தோலில் மறையும், சரி. நம்ம தோல் என்ன நிறம்? மாநிறம், கறுப்பு. அதன் மேல் பொன்னிற முடியை வைத்து திண்டிவனம் வெயிலில் நிறுத்தினால் ஜிகினா மாதிரி மின்னும். அது கறுப்பாகவே இருந்திருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். யாருக்கோ பொருந்துகிற வைத்தியத்தை நம்ம முகத்தில் தடவி, பொருந்தாவிட்டால் "என் தோல் சரியில்லை" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

இந்த விஷயத்தில் எங்க ஆயா கெட்டிக்காரி. மஞ்சள் பூசினால் முடி வளராது என்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் ஆயாவுக்கே தாடையில் நாலு முடி உண்டு :-) ஆனால் தோலும் முடியும் சேர்ந்து ஒரே மஞ்சளாகிவிடும், முடி தனியாகத் தெரியாது. எரிச்சலும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை.

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு பொண்ணு பத்தாம் வகுப்பில் 600-க்கு 591 எடுத்து மாநிலத்தில் முதலாக வந்தாள். போட்டோ வெளியானதும் நாட்டில் பாதிப் பேர் மார்க்கைப் பார்க்காமல் அவள் மீசையைப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மார்க் குறைந்திருந்தால் தன்னை யாரும் கவனித்திருக்க மாட்டார்களே என்கிற மாதிரி அந்தப் பொண்ணு பேசியதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அவளுக்கு ஆதரவு என்று ஒரு ரேசர் கம்பெனி பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. அதிலும் ஒரு வியாபாரம்!

இதற்காக ப்ளீச்சே கூடாது என்று சொல்ல வரவில்லை. உங்கள் முகம், உங்கள் இஷ்டம். ஆனால் தாடை, நெஞ்சு, வயிற்றில் தடித்த கறுப்பு முடி புதிதாக வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் அது அழகுப் பிரச்னை இல்லை. பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். திண்டிவனம் ஜி.எச்.சிலோ முண்டியம்பாக்கத்திலோ டாக்டரிடம் காட்டுங்கள். அதை ப்ளீச் போட்டு மறைப்பது, தீ எரியும்போது புகையை விசிறி விரட்டுகிற கதை. எங்க வகுப்பிலேயே ரெண்டு பேர் வருஷக்கணக்கில் மறைத்தார்கள். வெட்கம்தான் காரணம், வேறென்ன.

போடுகிறவர்கள் நாங்கள் செய்யாததைச் செய்யுங்கள். முதலில் முழங்கை உள்பக்கம் துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். த்ரெட்டிங், வேக்ஸ் செய்த அன்றைக்கு வேண்டாம். புருவம், கண் பக்கம் போகவே வேண்டாம். எரிந்தால் மணி பார்க்காமல் கழுவுங்கள். மிச்சக் கலவையை டப்பாவில் மூடி வைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

அக்காவுக்குப் பட்டை மறைய பத்து நாள் ஆனது. தை மாசம் கல்யாணம். நேற்று போனில் "என்னக்கா, ப்ளீச் உண்டா?" என்று கேட்டேன்.

"மீசையோட வந்தா அவர் தாலி கட்ட மாட்டாராமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியே போட்டாலும் மணி பாக்குற வேலை உனக்கு இல்லடி."