விசையை இழுப்பது யார்?

வன்னி மக்களுக்குக் கட்டுத்துவக்கைப் பற்றி நாம் புதிதாக எடுத்துக் கூற வேண்டியதில்லை. வன்னிக்கு வெளியே இருந்து இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமே சிறிது விளக்கம் வேண்டும். சாதாரணத் துவக்கிலே குறி பார்ப்பவனே விசையையும் இழுக்கிறான். கட்டுத்துவக்கிலோ, வைத்தவன் வீட்டிலே உறங்குகிறான். துவக்கு காட்டிலே விழித்திருக்கிறது. அவ்வழியே வரும் உயிர் எதுவோ, அதுவே தன் காலினால் விசையை இழுத்துத் தன்னைச் சுட்டுக்கொள்கிறது. கொலைக்கருவியை வைத்தவன் ஒருவன். அதை இயக்குபவனோ அதற்குப் பலியாகிறவன். இதுவே கட்டுத்துவக்கின் தத்துவம்.

இத்தத்துவத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அத்துடன், துவக்கு வைத்த ஏழையை விலங்கிட்டுக் கொண்டு சென்றதும் நீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று மனநிறைவு கொள்வோரையும் கண்டிக்கிறோம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து, ‘இடியன் துவக்குடன் ஒருவர் கைது’ என்னும் செய்தி அடிக்கடி வருகிறது. பட்டறையிலோ வீட்டுக் கொட்டிலிலோ பழைய இரும்பிலிருந்து பிறந்த துவக்கு அது. விளையாட்டுக்கென விற்கப்படும் காற்றுத் துவக்கைப் பிரித்து, விசையை மாற்றி, வேட்டைத் துவக்காக்கிப் பார்க்கும் ஆசையும் இளைஞர் சிலரைப் பற்றியிருக்கிறது. இதனைக் கைவினைத் திறமை என்று மெச்சுவோரும் உளர். நாம் மெச்சமாட்டோம். தொழிற்சாலையிலே விசையை ஆக்குபவர், அது எப்போது இயங்க வேண்டும் என்பதோடு, எப்போது இயங்கக் கூடாது என்பதையும் சிந்தித்தே ஆக்குகின்றனர். கொட்டிலிலே கையிற் கிடைத்ததைக் கொண்டு பொருத்திய விசை அந்த இரண்டாவது பாடத்தைக் கற்றதில்லை. அது கீழே விழுந்தாலும் வெடிக்கும். தோளிலே கிடக்கும்போதும் வெடிக்கும். குழல் பிளந்தால், பிடித்திருப்பவனின் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும். அவ்வளவில் அது வைத்திருப்பவனுக்கே பகை. அதனைக் காட்டுத் தடத்திலே கட்டிவிட்டாலோ ஊருக்கே பகையாகிவிடுகிறது.

பன்றியின் உயரத்துக்கு வைக்கப்பட்ட துவக்கு மனிதனின் காலைத் தாக்குகிறது. எலும்பு நொறுங்கி வைத்தியசாலைக்கு வருவோரிற் பலர் பின்னர் பழையபடி மண்வெட்டி பிடிப்பதில்லை. காட்டுக்குச் செல்வோர் யார்? விறகுக்குப் போகும் பெண். தேனெடுக்கப் போகும் கூலியாள். வழிதவறிய மாட்டைத் தேடும் பட்டிக்காரன். பாலைப்பழம் பழுக்கும் கோடையிலே பழம் பொறுக்கப் போகும் சிறுவர். பங்களாக்களில் வாழும் கனவான்கள் எவரும் பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போவதில்லை. ஆகவே, ஏழை வைத்த துவக்கு ஏழையின் காலையே தேடிச் செல்கிறது.

இக்கருவியின் குலத்தைச் சற்று ஆராய்வோம். இங்கிலாந்திலே நிலப்பிரபுக்கள் தங்கள் வேட்டைக்காடுகளிலே இத்தகைய பொறித்துவக்குகளைக் கட்டி வைத்தனர். முயலுக்காகவும் காட்டுக்கோழிக்காகவும் இரவிலே வேலி கடந்த பசித்த உழைப்பாளியே அவற்றின் இலக்கு. 1821இல் சிட்னி சிமித் என்னும் எழுத்தாளர் ‘எடின்பரோ ரிவியூ’ சஞ்சிகையிலே இக்கொடுமையைச் சாடிக் கட்டுரைகள் எழுதினார். 1827இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மனிதருக்குத் தீங்கு செய்யும் நோக்குடன் பொறித்துவக்கு வைப்பதைத் தடை செய்தது. பிரபுக்கள் ஏழைக்கு எதிராக வைத்த கருவி அது. அதனையே நமது ஏழை இன்று தன் வர்க்கத்தாரின் வழியிலே வைத்திருக்கிறான் என்பதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்குமா?

அத்தோடு, வன்னிக்கென ஒரு தனிச் சாட்சியம் உண்டு. 2009இல் போர் முடிந்தபின்னர், இம்மண்ணிலே ஆண்டுக்கணக்காக மிதிவெடி தோண்டப்பட்டு வருகிறது. மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவும் வேலையிலே வன்னிப் பெண்களும் ஈடுபட்டிருக்கின்றனர். செயற்கைக் காலுடன் வகுப்பறைக்கு வந்த பிள்ளைகளை நமது ஆசிரியர்கள் அறிவர். மிதிவெடியை உலகம் ஏன் வெறுத்தது? வந்தவன் படைவீரனா, பாடசாலைச் சிறுவனா என்று அது கேட்பதில்லை. மிதித்தவனையே அது கொல்கிறது. ஆட்கொல்லி மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. ஒரு புறம் மண்ணிலிருந்து காலெடுக்கும் கருவியைத் தோண்டியெடுக்கிறோம். மறுபுறம் மரத்தடியிலே காலெடுக்கும் கருவியைக் கட்டுகிறோம். முன்னதை வைத்தவர்கள் சீருடையினர், பின்னதை வைத்தவர் நம்மவர் என்பதனால் பின்னது நியாயமாகிவிடுமா?

நண்பர்கள் சிலர் உடனே மறுப்பர். ‘வயிற்றுப் பாட்டுக்காக உழவன் செய்வதை அறநூல் கொண்டு அளக்கலாமா?’ என்பர். வினா நேர்மையானது; எனவே நேர்மையாகவே விடை கூறுவோம்.

இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பாவற்குளத்தின் கீழும் காலபோக நெல் கதிர்முற்றும் தை மாதத்திலே கமக்காரனுக்கு உறக்கம் இல்லை. காவற்கொட்டிலிலே தீ மூட்டி, தகரம் தட்டி, தொண்டை வற்றக் கூவி அவன் விடியலைக் காண்கிறான். கடன்பட்டு விதைத்த வயலை ஒரே இரவிலே பன்றிக்கூட்டம் உழுதுவிடுகிறது. யானை வந்தாலோ வயலோடு குடிசையும் போகிறது. 2023ஆம் ஆண்டிலே இலங்கையில் யானையினால் 150க்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர். 450க்கும் மேற்பட்ட யானைகளும் மடிந்தன. மனிதரும் மிருகமும் இவ்வாறு மடிவது விதியன்று, ஆட்சியின் தோல்வி.

போரினால் இடம்பெயர்ந்தோர் மீண்டு வந்தபோது அவர்களுடைய வயல்கள் பற்றைக்காடாகியிருந்தன. அவற்றுட் சில திணைக்களங்களின் எல்லைக்கல்லுக்குள்ளும், சில படைமுகாம் வேலிக்குள்ளும் அகப்பட்டிருந்தன. எஞ்சிய துண்டிலே உழுபவன் பயிரைக் காக்கச் சட்டப்படி துவக்குக் கேட்டால், 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். வசதியும் செல்வாக்கும் உடையவனுக்கு அனுமதிப்பத்திரம், இல்லாதவனுக்கு இடியன்!

அரசு யாது செய்தது? 2025 மார்ச் 15ஆந் திகதி காலை ஐந்து நிமிட நேரம் குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் எண்ணுவித்தது. எண்ணும் வேலையையும் காணிக்காரனிடமே ஒப்படைத்தது! அறிஞர்கள் வழி காட்டவில்லை என்று கூறவும் இடமில்லை. 2020இல் கலாநிதி பிருத்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலே அமைக்கப்பட்ட குழு, மனித–யானை மோதலைத் தணிக்கும் தேசியத் திட்டத்தை வரைந்து கொடுத்தது. காட்டு நடுவே திணைக்களங்களின் எல்லைக்கோட்டிலே மின்வேலி கட்டுவதனால், வேலியின் இருபுறமும் யானை நிற்கிறது. அதனை விடுத்து, ஊரையும் வயலையும் சுற்றி வேலி அமைக்க வேண்டும். விதைப்புக் காலத்திலே கட்டி அறுவடைக்குப் பின் கழற்றும் வயல்வேலியைக் கமக்காரரே கூட்டாகப் பராமரிக்க வேண்டும். இதுவே அத்திட்டத்தின் சாரம். கல்கமுவைப் பகுதியிலே செய்து பார்த்த முறை இது. வன்னி வயல்கள் அனைத்துக்கும் அது ஏன் இன்னும் வரவில்லை?

கேரள அரசு 2022இல், பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடம் அளித்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கினர் மட்டுமே சுடலாம் என்றும் விதித்தது. அம்முறையிலே குறைகள் இருக்கலாம். ஆயினும் அங்கே உத்தரவிடுபவர் யார், விசையை இழுத்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். அவர்களிடம் ஊர் கேள்வி கேட்கலாம். கட்டுத்துவக்கிடம் யார் கேள்வி கேட்பது? வைத்தவன் வாய் திறவான். அயலவர் அச்சத்தால் பேசார். அடிபட்டவனோ, தானே காட்டுக்குள் ஏன் போனான் என்று குற்றக்கூண்டில் நிறுத்தப்படுவான்.

ஆகவே நண்பர்களுக்கு நாம் கூறுவது இது: உழவனின் பசி உண்மை, அவனுடைய சினம் நியாயம், அவன் தேர்ந்த கருவியோ பொய். பன்றி ஒரு வயலை விட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. இது ஊர் முழுவதன் இடர். இதனை ஒருவன் இருளிலே தனியே தீர்க்க முயலும்போது, அயலவனின் கால் விலையாகிறது. கூட்டாக நின்று அரசிடம் உரிமையுடன் கேட்க வேண்டியதை, திருட்டுத்தனமாகக் கம்பி கட்டித் தேடுவது போராட்டமன்று, போராட்டத்தைக் கைவிடுதல்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. கட்டுத்துவக்கையும் இடியனையும் தாமாக ஒப்படைப்போருக்குத் தண்டனையற்ற தவணை வேண்டும். கமக்கார அமைப்புக்களின் பொறுப்பிலே வயல்வேலியும் இரவுக் காவலும் அரச செலவில் அமைய வேண்டும். பயிரிழப்புக்கும் உயிரிழப்புக்கும் நட்டஈடு, அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். மக்களின் வயற்காணிகள் மக்களிடம் திரும்ப வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! துவக்கு இருக்கும் இடம் வன்னியிலே ஊராருக்குத் தெரியாமலிராது. பொலிஸாருக்கு முன்னரே உங்களுக்குத் தெரியும். காட்டிக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அவ்வீட்டு முற்றத்துக்குச் சென்று, ‘ஐயா, நாளை இத்தடத்தால் உங்கள் பேரனே பாலைப்பழம் பொறுக்க வருவான்’ என்று கூறுங்கள். பின்னர் அவரையும் உடனழைத்துக்கொண்டு, வேலி கேட்டும் காணி கேட்டும் பிரதேச செயலகத்தின் வாயிலிலே நில்லுங்கள். பாலைப்பழக் காலம் வருமுன் காட்டிலே கம்பிகள் அவிழ்க்கப்பட வேண்டும். அடுத்த காலபோகத்துக்கு முன் வயலைச் சுற்றி வேலி எழ வேண்டும்.