டி.ஏ.சி. வாங்கலாம், ப்ரீஆம்ப் செய்யலாம்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு. ரெசிஸ்டர், கண்டென்சர், ட்ரான்ஸ்பார்மர், ஐ.சி. என்று ஹைஃபை செட்டுக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். இவ்வளவு பக்கத்தில் கடை இருக்கும்போது டி.ஏ.சி., ப்ரீஆம்ப் இரண்டையும் வீட்டிலேயே செய்துவிட்டால் என்ன? எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் எந்த மாணவனுக்கும் தோன்றும் ஆசைதான். "பாதி விலையில் முடிந்துவிடும்" என்ற நப்பாசை வேறு!

ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் டி.ஏ.சி. எண்களாகப் பதிவாகியிருக்கும் இசையை மின்னழுத்தமாக மாற்றுவது இதன் வேலை. சிடியில் நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 65,536 படிகளில் ஒன்றை அது எடுத்துக்கொடுக்க வேண்டும். சிடி பிளேயர்களின் வழக்கமான 2 வோல்ட் வெளியீட்டில் ஒரு படி என்பது சுமார் 86 மைக்ரோவோல்ட்! இதற்கான சிப்கள் பலவற்றில் கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஓட்டை போட்ட சாதா போர்டில் இதைப் பற்ற வைக்க முடியாது. வைத்தாலும் சரியாக வேலை செய்கிறதா என்று சொல்ல வீட்டு மல்டிமீட்டர் போதாது.

பெரிய கம்பெனிகளுக்கே பெரும்பாலும் அந்தச் சிப் சொந்தமில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. அங்கிருந்து சிப் வாங்கிக்கொண்டிருந்த ஆடியோ கம்பெனிகள் சில தங்கள் மாடல்களை வேறு சிப்புக்கு மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று. நிலைமை இப்படி இருக்க, ரெடிமேட் டி.ஏ.சி. போர்டு ஒன்றை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு "சொந்தமாகச் செய்தது" என்பதில் என்ன பெருமை? இன்றைய குறைந்த விலை டி.ஏ.சி.களே சிடியின் 96 டெசிபல் அளவைத் தாண்டுகின்றன. வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

ப்ரீஆம்ப் கதை வேறு. 2 வோல்ட் தரும் டி.ஏ.சி.க்குப் பின்னால் பெரும்பாலான பவர் ஆம்ப்களுக்கு மேற்கொண்டு பெருக்கமே தேவைப்படாது. ஒரு செலக்டர் ஸ்விட்ச், ஒரு வால்யூம் கன்ட்ரோல், என்.இ.5532 மாதிரி ஐ.சி. வைத்த பஃபர், 7815, 7915 ரெகுலேட்டர்கள் போட்ட பவர் சப்ளை. அவ்வளவுதான். எல்லாம் கையால் பற்ற வைக்கக்கூடியவை. பழுதானாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சோதனை எங்கே என்றால், ஹம்மில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை டிசியாக மாற்றும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் பாடும் வித்வானின் மந்திர பஞ்சமம் ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். ப்ரீஆம்பில் எர்த் வயரிங் சரியில்லை என்றால், தம்புராவின் பஞ்சமத்துக்குப் பக்கத்திலேயே சுருதி சேராத இன்னொரு தம்புரா உட்கார்ந்துவிடும்! மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி கேட்டுப் பழகிய காது ஆலாபனையின் முதல் மௌனத்திலேயே அதைப் பிடித்துவிடும். எர்த் வயர்களை ஒரே புள்ளியில் சேர்ப்பது, ட்ரான்ஸ்பார்மரைத் தள்ளி வைப்பது... இதெல்லாம் புத்தகத்தில் ஒரு வரி. செய்து பார்க்கும்போதுதான் காதுக்குப் புரியும்.

பணம் மிச்சமாகுமா? அதை மறந்துவிடுவது நல்லது. ஐ.சி. மலிவுதான். கேபினெட், ட்ரான்ஸ்பார்மர், நல்ல சாக்கெட்டுகள், கருகிப்போகும் முதல் போர்டு, நாலைந்து தடவை ரிச்சி தெருப் பயணம் என்று கூட்டினால் கடை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாரன்ட்டியும் இல்லை, விற்றாலும் விலை போகாது. அப்புறம் 230 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை. ப்யூஸ் போடாமல், உலோகப் பெட்டியை எர்த் செய்யாமல், அனுபவசாலி ஒருவர் பார்க்காமல் ப்ளக்கைச் செருகவே கூடாது.

அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும்? நாலு வருடம் பாடத்தில் படிக்கும் சர்க்யூட், கையில் ஒரு தடவையாவது பாட வேண்டாமா? பத்து வருடம் கழித்துக் கரகரத்தால் திறந்து சரிசெய்யத் தெரிந்தவன் வீட்டிலேயே இருப்பானே. அந்த லாபத்தை எந்தக் கடையும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.