ராமைப் பார்த்து ஏமாறாதீர்கள்



தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். அரசியலும் இல்லை, ஆன்மிகமும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ராமைச் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருப்பவர்களாவது கடைசிவரை படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தான். அவன், அவனுடைய சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள், பள்ளி நண்பர்கள் என்று ஒன்பது பேர். நாலு ஊரில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே உலகத்தில் மைன்கிராஃப்ட் விளையாட ஒரு சர்வரை வாடகைக்கு எடுப்போம் என்று தலைக்கு 600 ரூபாய் போட்டார்கள். மொத்தம் 5,400. வசூல் செய்தது, நோட்டில் கணக்கு எழுதியது, நிறுவனத்தைத் தேடிப் பிடித்தது எல்லாம் இவன்தான். 16 ஜிபி ராம், எத்தனை பேர் வேண்டுமானாலும் விளையாடலாம், ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்று ஒரு விளம்பரம். கட்டிவிட்டான்.

பகலில் இரண்டு பேர் விளையாடும்போது நன்றாகத்தான் இருந்தது. மாலை ஏழு மணிக்கு ஒன்பது பேரும் வந்தால் தொல்லை ஆரம்பம். கதவைத் தொட்டால் இரண்டு விநாடி கழித்துத் திறக்கும். உடைத்த கல் மறுபடி முளைக்கும். ஆடு மாடு எல்லாம் நின்று நின்று நகரும். புகார் எழுதினால், '32 ஜிபி திட்டத்துக்கு மாறுங்கள்' என்று பதில். பணம் திரும்பக் கிடையாதாம். நண்பன் ஒருவன் வாட்ஸ்அப் குரூப்பில், 'காசை நீயே அமுக்கிட்டியாடா?' என்று கேட்டுவிட்டான். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, 'அம்மாச்சி, நான் எங்கே தப்புப் பண்ணேன்?' என்றான்.

எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? சர்வர் துறையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு போன் போட்டேன். 'டீச்சர், வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அளந்து பாக்கச் சொல்லுங்க' என்றார். அளந்தோம். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் சர்வர் ஒரு விநாடிக்கு 20 முறை அந்த உலகம் முழுவதையும் கணக்குப் போடுகிறது. பயிர் வளர்ந்ததா, மாடு எந்தப் பக்கம் நடக்கும், யார் எந்தக் கல்லை உடைத்தார்கள் என்று. ஒரு விநாடிக்கு 1,000 மில்லிவிநாடி. 20-ஆல் வகுத்தால் 50. ஒவ்வொரு சுற்றையும் 50 மில்லிவிநாடிக்குள் முடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. முடிக்காவிட்டால் உலகமே மெதுவாகிவிடும். சர்வரில் 'டிக் குவெரி' என்று ஒரு கட்டளை இருக்கிறது, 1.20.3 பதிப்பிலிருந்து வந்தது. அதைக் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். எங்களுக்கு மாலையில் 80 வந்தது. 1,000-ஐ 80-ஆல் வகுத்தால் 12.5. இருபது முறை ஓட வேண்டியது பன்னிரண்டு முறைதான் ஓடுகிறது. அதே நேரத்தில் ராம் எவ்வளவு செலவு என்று பார்த்தால் 16-ல் வெறும் 5 ஜிபி. மிச்சம் 11 ஜிபி சும்மா கிடக்கிறது. இதற்குத்தான் 32 ஜிபி வாங்கச் சொன்னார்கள்.

ஓட்டல் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ராம் என்பது மாவும் பாத்திரமும் வைக்கும் மேடை. பிராசசரின் கோர்தான் தோசை மாஸ்டர். மேடையை இரண்டு மடங்காக்கினால் தோசை சீக்கிரம் வருமா? இன்னொன்று, இந்த விளையாட்டில் உலகத்தை நடத்தும் முக்கிய வேலை ஒரே கோரில்தான் ஓடுகிறது. புது நிலத்தை உருவாக்குவது போன்ற சில வேலைகளை மற்ற கோர்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனால் கல்லுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டர் ஒருவர்தான். அதனால் மெதுவான எட்டு கோரைவிட வேகமான இரண்டு கோர் மேல்.

சரி, பகலில் ஓடியது மாலையில் ஏன் திணற வேண்டும்? ஒன்பது பேர் வந்தது ஒரு காரணம். இன்னொன்றையும் மாணவர் சொன்னார். மலிவான திட்டங்களில் ஒரே கோரைப் பலருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தெருக்குழாயில் பத்து வீடும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குடத்தில் நூலாகத்தானே விழும்? அதே கதை. லினக்ஸ் சர்வரை நாமே நேராக எடுத்தால் 'டாப்' என்ற கட்டளையில் 'எஸ்டி' என்று ஒரு எண் தெரியும். நமக்கு வர வேண்டிய பிராசசர் நேரத்தில் எத்தனை சதவீதம் அடுத்தவருக்குப் போனது என்று அது சொல்லும். அது எப்போதும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

காசு செலவில்லாத மருந்தை முதலில் பார்த்தோம். ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் எவ்வளவு தூரம் உலகம் இயங்க வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக 10 கட்டம். பக்கத்துக்குப் பத்து, நடுவில் ஒன்று, ஆக 21. 21-ஐ 21-ஆல் பெருக்கினால் 441 கட்டம். அதை 6 ஆக்கினால் 13 பெருக்கல் 13, 169 கட்டம். வேலை பாதிக்கும் கீழே. சாதாரண சர்வர் மென்பொருளுக்குப் பதில் பேப்பர் என்ற இலவச மென்பொருளையும் போட்டான். 80 என்பது 55-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம், ஆனாலும் 50-ஐத் தாண்டவில்லை. அப்போதுதான் இடம் மாறுவது என்று முடிவு செய்தோம்.

இந்த முறை மணிக்கணக்கில் வாடகை விடும் இரண்டு இடங்களில், அதே உலகத்தை நகல் எடுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு மாலை சோதித்தார்கள். பகிர்ந்த கோரில் எண் 40-க்கும் 70-க்கும் இடையே ஊஞ்சலாடியது. தனி கோர், 8 ஜிபி ராம் உள்ளதில் 30-ஐத் தாண்டவே இல்லை. வரியோடு மாதம் 1,350 ரூபாய். தலைக்கு 150.

'முன்னதைவிட மூன்று மடங்கு விலை ஆச்சே' என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளைகளுக்கு விடுமுறை இரண்டு மாதம்தான். 2,700 ரூபாயோடு முடிந்தது. பள்ளி திறந்ததும் உலகத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு சர்வரை அழித்துவிட்டார்கள். வருடம் முழுவதற்கும் மலிவாகக் கிடைத்த 5,400 குப்பைக்குப் போனது. நினைத்தபோது நிறுத்த முடிகிற வாடகைதான் நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவு என்பது என் கருத்து.

இதே வேலையில் இறங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. மூன்று நாலு பிள்ளைகள்தான் என்றால் இலவச சேவையே போதும். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

2. பிராசசரின் பெயரையே சொல்லாத நிறுவனத்தில் வாங்காதீர்கள். பெயர் தெரிந்தால் ஒற்றைக் கோர் வேகத்தை இணையத்தில் ஒப்பிடலாம்.

3. ஐரோப்பாவில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து ஜெர்மனி நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது 70 மில்லிவிநாடி. கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். வீடு கட்டி விளையாட அது பரவாயில்லை, சண்டை போட ஆகாது. மும்பை, பெங்களூரு, சிங்கப்பூர் நமக்குப் பக்கம்.

4. சர்வரை அணைத்து வைத்தாலே வாடகை நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் அழித்தால்தான் நிற்கும். அழிக்கும் முன் நகல் எடுங்கள்.

5. வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்றால், 60 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யூனிட். மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். பல இணைய இணைப்புகளில் வெளியிலிருந்து நேராக உள்ளே வரவும் முடியாது.

'படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?' என்றும் உறவில் சிலர் கேட்டார்கள். பிள்ளை காசைத் தொலைத்தது விளையாட்டால் அல்ல. அளக்காமல் வாங்கியதால். வீட்டில் திட்டு விழும் என்று பயந்து இரண்டு நாள் மறைத்தானே, அதுதான் எனக்கு வலித்தது. இப்படி ஒன்று நடந்தால் திட்டுவதற்கு முன் நோட்டை வாங்கிப் பாருங்கள். இவன் நோட்டில் ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. அதைப் படம் எடுத்து குரூப்பில் போடச் சொன்னேன். கேட்ட பையன் அன்று இரவே மன்னிப்புக் கேட்டான்.

இந்தத் துறையில் இருக்கும் மாணவர்கள் தவறு இருந்தால் கீழே சொல்லுங்கள். உங்கள் நோட்டில் எத்தனை வருடம் சிவப்பு மை போட்டிருக்கிறேன். இன்று நீங்கள் எனக்குப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்